ஓட்டையில்லாத டின்னில் எலுமிச்சை

செண்பகனூரில் எலுமிச்சை வளர்க்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பேரி என்றால் நம்புவார்கள், பிளம்ஸ் என்றால் நம்புவார்கள். எலுமிச்சை வெயிலில் பிறந்தது, அதற்கு இந்தக் குளிரில் என்ன சோலி என்பார்கள். நான் வாதாடுவதில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், பின்பக்கச் சுவரோரம் நிற்கும் மரத்திலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி அவர்கள் மூக்கடியில் பிடிப்பேன். அதற்கப்புறம் பேச்சு அடங்கிவிடும். மரம் என்னவோ என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். ஆனால் இந்த வீட்டில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களை வரிசையாக நிறுத்தினால், படைத்தவனுக்கும் பெற்றவர்களுக்கும் அடுத்த இடம் அதற்குத்தான்.

கல்யாணமான புதிதில் நான் செண்பகனூர் ரோட்டோரத்தில் ஒரு மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை என்னுடையதல்ல. முதலாளி வத்தலக்குண்டில் இருந்தார். எப்போதாவது மோட்டாரில் ஏறி வந்து, பருப்பை அள்ளி முகர்ந்து பார்த்து, தலையாட்டிவிட்டுக் குளிர் தாங்காமல் அடுத்த வண்டியிலேயே இறங்கிவிடுவார். மற்றபடி கடைக்கு ராஜா நான்தான்.

மலையில் மளிகைக் கடை வைத்தவனுக்கு ஈரம்தான் எதிரி. மேகம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிடும். சர்க்கரை இளகும், உப்பு நீர் விடும், வெல்லத்தில் பூஞ்சை பூக்கும். அதனால் என் கடையில் எல்லாமே டின்னில்தான் இருக்கும். தீர்ந்துபோன சீமெண்ணெய் டின்களை வாடை போகக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உள்ளே ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் தகரக்காரரிடம் கொண்டுபோய் ஈயம் வைத்து அடைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அந்தக் கடை டின்னில் ஓட்டை இருக்காது என்று பங்களா சமையல்காரர்கள்கூடச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சமென்ன, நிறையவே உண்டு.

என் மனைவி அய்யம்பாளையத்துக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, அங்கே ஆற்றோரத்தில் தோட்டம். சித்திரையில் அவள் மேலே வந்தபோது மலை மாப்பிள்ளை வீட்டைப் போல இருந்தது. பளிச்சென்று வெயில், ஏரிக்கரை முழுக்கக் குடை பிடித்த துரைமார்கள், கடையில் ஓயாத வியாபாரம். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆடியில் தாய்வீட்டுக்குப் போய் வந்தவள், திரும்பும்போது மடியில் ஓர் எலுமிச்சைப் பதியனை வைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் தோட்டத்துக் கிணற்றடி மரத்தில் கிளையை வளைத்து மண்ணில் பதித்து வேர்விட வைத்த கன்று. மலைப்பாதை வளைவுகளில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள், கன்றைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை மட்டும் கைவிடவில்லை. நான் அவளுக்காகக் கடையிலேயே நல்ல டின்னாகப் பொறுக்கினேன். அதிலும் அடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருந்தது. புதுப் பெண்டாட்டிக்குக் கொடுக்கிற பொருளில் ஓட்டை இருக்கலாமா? தகரக்காரரிடம் கொடுத்து, ஒரு சொட்டு ஒழுகாதபடி அடைத்து, மண் நிரப்பிக் கன்றை நட்டுக் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மலை தன் சுயரூபத்தைக் காட்டியது. நாள் கணக்கில் சூரியன் இல்லை. துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டால், காய்வதற்குள் புகைவாடை ஏறிவிடும். அவளுக்குக் கால்விரல்கள் சிவந்து வீங்கி அரித்தன. நான் விடிந்தால் கடை, இருட்டினால் வீடு. பேச்சுத்துணைக்கு அவளுக்கு இருந்தது அடுத்த வீட்டு டீச்சரம்மா ஒருவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை, தனி ஆள், எங்களைவிட மூத்தவர். அவரும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் உண்டு.

ஒரு நாள் நான் வீட்டுக்கு வந்தபோது, அவள் ஈரச் சேலையைக் கையில் பிழிந்துகொண்டே நின்றாள். டீச்சரம்மாவும் கூட இருந்தார்.

"துணி காயாத ஊரு ஒரு ஊரா மச்சான்?" என்றாள். "இந்தக் கன்னு கெடக்கு பாருங்க, அதுவும் நானும் ஒரே தோட்டத்துல இருந்துதான் வந்தோம். தை முடியிற வரைக்கும் பாப்பேன். அது தழைச்சுச்சுன்னா நானும் இருக்கேன். பட்டுப்போச்சுன்னா அத்தா வீட்டுக்குப் போயிருவேன். நீங்களும் கீழ வந்து ஒரு பொழப்பப் பாத்துக்கங்க."

கீழே ஒரு பிழைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மாமனார் தோட்டத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தேங்காய் எண்ணுவதுதான். மாமனார் நல்ல மனிதர், அதனால்தான் எனக்கு இன்னும் பயம். கடையை விட்டால் நான் வேறு எதற்கும் லாயக்கில்லை. அவளை விட்டால் எனக்குக் கடையும் வேண்டாம். பயத்தை வெளியே காட்டாமல், "அவ்வளவுதான? அந்தக் கன்ன நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க ஒண்ணும் பாக்க வேணாம். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஒரு சொம்புத் தண்ணி நான் ஊத்துவேன். அதுக்கு மேல யாரும் அதத் தாங்கக் கூடாது. என்னைய யாரு தாங்குனா?"

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. டீச்சரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மறுநாளே நான் திருட்டு வேலையில் இறங்கிவிட்டேன். வெயில் ஊரில் பிறந்தவனுக்குச் செடி என்றால் தண்ணீர்தான். அய்யம்பாளையத்தில் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை ஊற்றுவார்கள். இவள் வாரத்துக்கு ஒரு சொம்பு என்றால் கன்று தாங்குமா? கடையில் ஒரு காலி வினிகர் பாட்டில் இருந்தது. கருக்கலில் கடைக்குக் கிளம்பும்போது தண்ணீரைச் சுடவைத்து, குளிர் விடுகிற அளவுக்கு ஆறவைத்து, அந்தப் பாட்டிலில் ஊற்றிக் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு போய், கன்றின் தலைமாட்டில் கவிழ்த்துவிட்டுப் போவேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதற்குச் சளி பிடிக்குமோ என்ற பயம்.

மார்கழியில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. முதலில் அடியிலை, பிறகு நடுவிலை. குளிர்தான் காரணம் என்று நினைத்து, திரும்பி வரும்போதும் ஒரு பாட்டில் ஊற்றினேன். இலை இன்னும் வேகமாக உதிர்ந்தது. சோறு போடும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். மனதுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். கடையில் சீரகம் கேட்டவருக்குச் சோம்பைக் கட்டிக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு நாள், சரக்கறைச் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். நடுப்பகலில் அதை எடுக்க மேட்டில் ஏறி வந்தேன். வருவதுதான் வருகிறோம் என்று, கிளம்பும்போதே கடையில் தண்ணீரைச் சுடவைத்து ஆற்றி வினிகர் பாட்டிலையும் நிரப்பிக்கொண்டேன். வீட்டின் பின்பக்கம் அவள் குரல் கேட்டது. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து விறகு அடுக்கின் ஓரமாக நின்றேன். யாரும் இல்லை. கையில் அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டியோடு கன்றின் முன்னால் குந்தியிருந்தாள்.

"ஏலே, பொழச்சிரு," என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அதுக்குன்னு நீ செத்துத் தொலைச்சிராத. காலைல ஊத்துறேன், மத்தியானம் ஊத்துறேன், இதுக்கு மேல நான் என்ன செய்ய?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ஒரு தும்மல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அப்படியே சாவியை எடுத்துக்கொண்டு நழுவியிருப்பேன். தும்மிவிட்டேன்.

அவள் எழுந்து திரும்பினாள். முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. பேச்சை மாற்ற வேண்டுமே என்று, "இந்நேரத்துல இங்க என்ன சோலி? அதென்ன கம்பளிக்குள்ள?" என்று அதட்டினாள்.

பாட்டிலை வெளியே எடுத்தேன். "தண்ணி," என்றேன். "சுடவச்சு ஆறவச்சது."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், நான் சட்டியைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யார் என்று எங்களுக்குள் இன்றுவரை வழக்கு உண்டு. சிரித்துச் சிரித்து அவள் கண்ணைத் துடைத்தபோது அது சிரிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது. அவளுக்குப் போக விருப்பமில்லை. சொன்ன சொல்லை விழுங்கவும் மனம் வரவில்லை. அந்தக் கன்று தழைத்துத் தன் சொல்லைக் காப்பாற்றித் தன்னையும் இங்கே இருக்க வைக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குத்தான் முதலில் உறைத்தது. இவ்வளவு தண்ணீரும் எங்கே போனது? டின்னைப் பிடித்து அசைத்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் சாய்த்தபோது, விளிம்பு வழியாகக் கறுப்பாகத் தண்ணீர் கொட்டியது. சாக்கடை நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஐயோ, அடியில ஓட்டையே இல்லையா?" என்றாள்.

"இருந்துச்சு," என்றேன். "நான்தான் தகரக்காரர்கிட்டக் கொடுத்து அடச்சேன்."

"ஏன்?"

"ஒழுகுச்சே."

"ஒழுகணும் மச்சான்! அது குடிச்சது போக மிச்சம் எங்க போகும்? சீனி டின்னுன்னு நெனச்சீகளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மண்ணுக்கு அடியில் டின் இருக்கும் என்பதே தோன்றவில்லை, டின்னில் வளர்ந்த எனக்கு மண் என்பதே தோன்றவில்லை.

சத்தம் கேட்டு டீச்சரம்மா வேலியோரம் வந்தார். லீவு நாளாதலால் வீட்டில் இருந்திருக்கிறார். கையில் ஒரு தேயிலைச் சட்டி. எங்கள் இருவரையும், சாய்ந்து கிடந்த டின்னையும், ஓடுகிற கறுப்புத் தண்ணீரையும் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

"தங்கச்சி," என்று மெதுவாக ஆரம்பித்தார். "நானும் தெனம் ஒரு சட்டி ஊத்துனேன். தேயிலத் தண்ணி செடிக்கு நல்லதுன்னு சொன்னாங்க. நீ போயிட்டா இந்த மேட்டுல நான் யாருகிட்டப் பேசுவேன்?"

என் மனைவி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைய யாரு தாங்குனா என்று கேட்டவளுக்கு அதைவிட நேரான பதில் கிடைக்க முடியாது. பதிலுக்கு ஒரு கன்று மூழ்கிக்கொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

அன்று கடையை அப்படியே பூட்டிப் போட்டேன். கன்றை மண்ணோடு கவிழ்த்து எடுத்தோம். வேர் பாதிக்கு மேல் கறுத்து அழுகி, பிடித்தால் தோல் உரிந்து வந்தது. அழுகியதையெல்லாம் என் மனைவி அரிவாள்மணையில் நறுக்கி எறிந்தாள். வெள்ளையாக மிஞ்சியது ஒரு கைப்பிடிதான். டீச்சரம்மா அடுப்புக்கரியைத் தட்டிப் பொடித்தார். டின்னில் ஓட்டை போடும் வேலை என் தலையில் விழுந்தது. நல்ல டின்னின் அடியில் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது என் நெஞ்சிலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. ஒன்று போதும் என்று நிறுத்தினேன். அவள் விடவில்லை. அந்த டின் சல்லடையான பிறகுதான் சுத்தியலைக் கீழே வைக்க விட்டாள்.

அடியில் ஓட்டு உடைசல், அதன்மேல் கரி, பிறகு ஓடை மணலும் இலைமக்கும் கொஞ்சம் பழைய எருவும் கலந்த மண். டின்னைத் தரையில் வைக்காமல் கற்களின்மேல் தூக்கி வைத்தோம், அடியில் காற்று ஓட வேண்டும் என்று. காலை வெயில் படுகிற கிழக்குச் சுவரோரம் இடம் பார்த்தோம். பொழுது சாயும்போது அடுப்படிக்கு எடுத்து வந்துவிடுவோம். வெளியே விட்டால் பனி கருக்கிவிடும். அன்று ஒரு சட்டமும் போட்டோம். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால்தான் தண்ணீர். அதையும் யாரும் தன்னிஷ்டத்துக்கு ஊற்றக் கூடாது. "ஊத்தட்டுமா?" என்று உரக்கக் கேட்க வேண்டும், மற்ற இருவரில் ஒருவர் "ஊத்து" என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தும் மிச்சமிருந்த இலையும் கொட்டிவிட்டது. டின்னில் ஒரு முள்ளுக்குச்சி மட்டும் நின்றது. "பட்டுப்போனாலும் நீ போக வேணாம் புள்ள" என்றேன் அவளிடம். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "சொன்னது சொன்னதுதான்" என்றாள். ஒரு விறகை உள்ளே தள்ளிவிட்டு, "நீங்க இந்தக் கடைய விட்டு வரமாட்டீக. அங்க போனா உங்களப் பெருநாளுக்குப் பெருநாள்தான் பாக்கணும். கோவத்துல அத நான் யோசிக்கல" என்றாள். என் கம்பளியை எடுத்து அவள் காலில் சுற்றிவிட்டேன். அதற்கப்புறம் நடுப்பகல் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். தாங்க வேண்டியது கன்றை மட்டுமல்ல என்பது எனக்கு அதற்குள் விளங்கியிருந்தது.

தை முடியப் போகிற நேரம். கடை முன்னால் மோட்டார் வண்டி வந்து நின்று, இறங்கிய கூட்டமெல்லாம் கடையை மொய்த்தது. அந்த நேரத்தில் அவள் ரோட்டுக்கு இறங்கவே மாட்டாள். அன்று முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி பக்கவாசலில் வந்து நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. போச்சு, குச்சியும் காய்ந்துவிட்டது, விடைபெற வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"துளிர் விட்டுருச்சு," என்றாள். "ரெண்டு எடத்துல."

நான் நிறுத்துக்கொண்டிருந்த உப்பை அப்படியே சர்க்கரை டின்னில் கொட்டினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்ன சத்தத்தில் வண்டிக்காரரே திரும்பிப் பார்த்தார். கடையை அங்கே நின்ற கூட்டத்திடமே விட்டுவிட்டு மேட்டில் ஓடினேன். அரிசி முனையளவுதான், ஊதா கலந்த சிவப்பு. அதற்கு முன்னால் நாங்கள் மூவரும் குந்தியிருந்ததை யாராவது பார்த்திருந்தால் அங்கே குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகும் அந்த மரம் ஒன்றும் சும்மா வளர்ந்துவிடவில்லை. அடுப்புப் புகை இலையில் படியும், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பறவை எச்சத்தைப் போலவே இருக்கும் ஒரு புழு வரும், அதைத் தேடிப் பொறுக்க வேண்டும். டின் போதாமல் போனபோது மரப் பீப்பாய் ஒன்றைப் பாதியாக அறுத்து மாற்றினோம். இந்த முறை ஓட்டையை நானே முதலில் போட்டேன். அது பூத்தபோது அடுப்படியே மணத்தது. முதல் காய் பழுக்க ஏறத்தாழ ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. குளிரில் எதற்கும் அவசரமில்லை.

அந்த முதல் பழம் நோன்பு மாதத்தில் பழுத்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் அதைப் பிழிந்து சர்பத் போட்டாள். டீச்சரம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். வெளியே மேகம், உள்ளே எங்கள் பல் கிடுகிடுக்க, அந்தக் குளிரில் மூவரும் ஆளுக்கு ஒரு தம்ளர் எலுமிச்சை சர்பத் குடித்தோம். அதைப் போல ஒரு ருசி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கன்றை மூழ்கடித்த மூவருக்கும் அது தன் முதல் பழத்தைக் கொடுத்தது.

யுத்தம் வந்து, பெட்ரோல் கிடைக்காமல் மோட்டாரெல்லாம் கரியில் ஓடிய காலத்தில், முதலாளி ஒரு நாள் மேலே வந்தார். வத்தலக்குண்டில் பெரிய கடை திறப்பதாகவும், அதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அங்கிருந்து அய்யம்பாளையம் பக்கம்தான். ஒரு காலத்தில் அவள் கேட்டது இதைத்தான். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன். மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இலை துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"நல்ல கடையா?"

"பெரிய கட. அத்தா ஊருக்குப் பக்கம்."

"ம்," என்றாள். ஓர் இலையைத் துடைத்தாள், அடுத்த இலையைப் பிடித்தாள். "கீழ போனா இதுக்குக் காலையில ஒருக்கா சாயங்காலம் ஒருக்கா ஊத்தணும் மச்சான். எனக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. அவுகள வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க. வெறுங்கையோட போகாதீக, ரெண்டு பழம் பறிச்சுட்டுப் போங்க."

பறித்தேன். பிறகு மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அவள் என் பக்கத்திலேயே இருந்தும், சட்டம் சட்டம்தானே என்று, "ஊத்தட்டுமா?" என்று உரக்கக் கேட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரம்மாவின் குரல் வந்தது: "ஊத்துங்க தம்பி. நான் இன்னும் ஊத்தல."